அல்லைக் குளமும் வெருகல் வில்லுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை என்றதும் கோணேசர் மலை, நிலாவெளி, புறாத்தீவு என்றுதான் பேச்சு வரும். மாவட்டத்தின் தெற்கே மகாவலியின் கடைசிக் கிளைகளும் அல்லைக் குளமும் சேர்ந்து உண்டாக்கிய பெரிய சதுப்பு நிலத்தைப் பற்றி டவுணில் இருப்பவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. அங்கே போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

மூதூருக்குத் தெற்கே. கிளிவெட்டி, சேருநுவர, ஈச்சிலம்பற்று, வெருகல் என்று மட்டக்களப்பு வீதி போகிற போக்கில் இரண்டு பக்கமும் வயல், குளம், காடு, சதுப்பு என மாறி மாறி வரும். இதில் சுமார் 15,500 ஹெக்டேயர் சேருவில–அல்லை சரணாலயமாக 1970இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மேற்கே உள்ளே போகப் போக 1986இல் அறிவிக்கப்பட்ட சோமாவதி தேசியப் பூங்கா. அது பொலன்னறுவை மாவட்டம் வரை நீள்கிறது. நமக்குத்தான் இங்கே சரணாலயம், அங்கே பூங்கா என்று எல்லை. யானைக்கு எல்லாம் ஒரே மேய்ச்சல் நிலம்.

வில்லு என்பது குளமா, சதுப்பா?

இரண்டும்தான், மாதத்தைப் பொறுத்து. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலை நெருங்கும்போது நிலம் தட்டையாகிவிடுகிறது. ஆறு பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழ, இன்னொன்று வெருகலாறாகத் தெற்கே போய்க் கடலில் சேர்கிறது. மாரியில் வெள்ளம் கரை மீறிப் பரவும்போது ஆற்றோரப் பள்ளங்கள் எல்லாம் நிரம்பும். இந்தப் பள்ளங்கள்தான் வில்லு. மழை விட்டதும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்ற வற்ற ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிப் புல் முளைத்துக்கொண்டே போகும். ஆடி, ஆவணியில் சில வில்லுகளில் நடுவில் ஒரு சேற்றுக்குட்டைதான் மிஞ்சும்.

இதைப் பார்த்துவிட்டு "ஐயோ, வறண்டு போச்சே" என்று பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. பரிதாபப்பட ஒன்றும் இல்லை. வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் ஓரப் புல் வராது, சேறு வெளியே தெரியாது, நாரைக்கு இரை எட்டாது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் வெயில் பட்டு, அடுத்த மழைக்குள் புல்லாகி, மாட்டின் வயிற்றிலும் யானையின் வயிற்றிலும் போய்ச் சாணமாகத் திரும்பவும் அதே சேற்றில் விழுகிறது. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்ததுதான் வில்லு.

அல்லைக் குளம் போன்ற நீர்ப்பாசனக் குளங்களின் பின்பக்கத்திலும் இதே கதைதான், அளவு சின்னது. குளக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் மட்டும் தெரியும். சதுப்பு இருப்பது கட்டுக்கு எதிர்ப்பக்கம், காடு தண்ணீரைத் தொடுகிற ஆழமில்லாத ஓரத்தில்.

எந்த மாதம் போவது நல்லது?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பறவை என்றால் தை முதல் பங்குனி வரை. வலசை வரும் பறவைகள் ஆவணி, புரட்டாதியிலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும், உள்பாதைகள் சேறாகிவிடும். தண்ணீர் இறங்கத் தொடங்கும் தையில்தான் அவை எல்லாம் ஓரத்துக்கு வந்து நிற்கும். சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும்.

யானை என்றால் ஆனி முதல் புரட்டாதி வரை. கச்சான் காற்று அடித்து காடு காய்ந்து கிடக்கும்போது பச்சை இருக்கிற இடம் வில்லும் குளத்து ஓரமும்தான். ஆனால் அந்தக் கச்சானில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியில் நிற்பது லேசில்லை. விடிய ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. நடுவில் வெருகல் கோயில் மருத மர நிழலில் படுத்துக்கொள்வது உத்தமம்.

எங்கள் தேர்வு மாசி. வெயில் இன்னும் ஏறவில்லை, தண்ணீர் பாதி இறங்கியிருக்கும், வந்த பறவைகளும் போகவில்லை.

என்னென்ன பறவைகளைப் பார்க்கலாம்?

பட்டியல் போட்டால் நீளும். சங்குவளை நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி, உண்ணிக்கொக்கு எல்லாம் வருடம் முழுவதும் உண்டு. மாரிக்கு வருவதில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மூக்கன்களும் முக்கியம். பஞ்சுருட்டான் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆட்காட்டி நீங்கள் வருவதை எல்லோருக்கும் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு நாளில் எத்தனை இனம் என்று எண்ணிக்கொண்டு ஓடுவதைவிட, இரண்டு பறவைகளை மட்டும் உட்கார்ந்து பார்க்கச் சொல்வோம்.

முதலாவது நத்தைகுத்தி நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. அலகின் நடுவில் ஓர் இடைவெளி, பாக்குவெட்டி முழுதாக மூடாமல் நிற்கிற மாதிரி. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். ஓட்டை உடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பது. அது உடைப்பதில்லை. கீழலகின் நுனியை நத்தையின் வாய் மூடிக்குள் நுழைத்து, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, உள்ளே இருப்பதை முழுசாக உருவிவிடும். தலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இதைச் செய்வதால் நமக்கு அதன் கழுத்து அசைவுதான் தெரியும். அது நகர்ந்து போன பிறகு அந்த இடத்தில் பாருங்கள், ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் கிடக்கும்.

இரண்டாவது நீளவால் இலைக்கோழி. தாமரை, ஆம்பல் இலைமேல் நடந்து திரியும். விரல்கள் அவ்வளவு நீளம், பாரம் பரவி இலை அமிழாது. இனப்பெருக்கக் காலத்தில் கறுத்த உடம்பு, வெள்ளை முகம், பின்கழுத்தில் பொன் மஞ்சள், அரிவாள் போல வளைந்த வால். இதில் குடும்ப வழக்கம் தலைகீழ். பெண் ஓர் ஆணோடு சேர்ந்து நாலு முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. தண்ணீர் ஏறினாலோ தொந்தரவு வந்தாலோ ஆண் தன் முட்டைகளை வேறு இலைக்கு நகர்த்திவிடும். இதைத் தெரியாமல் தோணியைக் கூட்டுக்குக் கிட்ட விட்டுப் படம் எடுக்கிறவர்கள் மேல் கோபம் வருவது நியாயம்தானே.

அப்புறம், வழுக்கைத் தலையோடு தனியாக நிற்கும் பெருநாரை கண்ணில் பட்டால் உங்களுக்கு நல்ல நாள். எண்ணிக்கை குறைந்துவிட்ட பறவை அது.

யானை நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோடையில் பின்னேரம் குளத்துக்கு எதிர்க்கரையில் தெரிவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கொம்பன் என்று எதிர்பார்க்காதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை.

இந்த மகாவலிச் சதுப்பு யானைகள் மற்றவற்றைவிடப் பருமனானவை என்று பழைய பேச்சு ஒன்று இருக்கிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல இவற்றைத் தனித் துணையினமாகவே விவரித்தார். இப்போது ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை, இலங்கை யானை முழுவதும் ஒரே துணையினம் என்கிறார்கள். ஆனாலும் நல்ல புல் தின்று வளர்ந்த வில்லு யானையைப் பார்த்தால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரியும்.

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வருகிற வீதியில் யானை ஓரத்தில் நின்று வாகனத்தை எதிர்பார்க்கும். வாழைப்பழம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழகிய யானை கொடுக்காத வாகனத்தின் கண்ணாடியை உடைக்கும். பிறகு அதையே குழப்படி யானை என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

யானை வயலுக்குள் வருவதற்கு சரணாலயம்தானே காரணம்?

ஊரில் இப்படிச் சொல்கிறவர்கள் மேல் பிழை இல்லை. பரணில் இரவு முழுக்க யானை வெடியோடு கண்விழித்துக் காவல் கிடப்பவர்கள் அவர்கள். ஆனால் சேருவில, ஈச்சிலம்பற்றுப் பக்கம் வயலும் காடும் விரல்களைக் கோத்த மாதிரிக் கிடக்கின்றன. வெருகலாற்றுத் தண்ணீரை மாவிலாற்று அணைக்கட்டால் திருப்பித்தான் அல்லைத் திட்டத்தின் வயல்கள் விளைகின்றன. அதே தண்ணீரையும் அதே பசுமையையும் தேடித்தான் யானையும் வருகிறது. மின்வேலி உதவும், பராமரிக்கிற வரை. அறுவடை முடிந்த வயலில் யானை மேய்வதைச் சில இடங்களில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நெல் பால்பிடிக்கிற நேரம்தான் பிரச்சினை.

முதலை இருக்கிறதா? குளத்தில் குளிக்கலாமா?

இருக்கிறது. தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம். ஊர்க்காரர் குளிக்கிற துறை எது என்று கேட்டு, அங்கே மட்டும், வெளிச்சத்தில்.

குளத்திலும் வில்லிலும் இருப்பது சதுப்பு முதலை. ஆற்று முகத்துக்கும் கண்டல் பக்கத்துக்கும் உரியது உவர்நீர் முதலை, அது இதைவிடப் பெரியது, ஆபத்தும் கூட. சதுப்பு முதலை கரையில் நீளமாகப் பொந்து தோண்டும். மாரியில் பொந்தின் வாய் தண்ணீருக்குள் இருப்பதால் தெரியாது. கோடையில் தண்ணீர் இறங்கினதும் கரையில் இருட்டாக ஒரு வாய் வெளிப்படும். அதற்கு முன்னால் வயிறு இழுபட்ட தடமும் இரண்டு பக்கமும் காலடியும் ஈரமாக இருந்தால் வீட்டுக்காரர் உள்ளேதான். எட்டிப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

முதலையைப் போலவே பலர் பயப்படுகிற கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு பாவம், செத்ததைத் தின்று சதுப்பைத் துப்புரவாக வைத்திருக்கிறது.

வில்லு வற்றினால் மீன் எங்கே போகும்?

கொஞ்சம் ஆற்றுக்குத் திரும்பும். நிறைய நாரைக்கும் கொக்குக்கும் போகும். கோடை தொடக்கத்தில் குட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நிற்பது அதனால்தான். ஆனால் விரால், சுங்கான், பனையேறி மூன்றும் சுலபத்தில் சாகாது. செவுளோடு கூடக் காற்றையும் சுவாசிக்க உறுப்பு உண்டு. சேறு ஈரமாக இருக்கிற வரை தாக்குப்பிடிக்கும். பனையேறி ஈரப் புல்லில் நெளிந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். சுங்கான் முள் குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கடுக்கும், கையால் பிடிக்க ஆசைப்பட வேண்டாம்.

வலையில் அதிகம் விழுவது என்னவோ ஜப்பான் மீன் எனப்படும் திலாப்பியா. 1952இல் ஆபிரிக்க இனத்தைக் கொண்டுவந்து நாட்டின் குளங்களில் விட்டார்கள். உள்ளூர் இனங்களுக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. நன்னீர் மீனவக் குடும்பங்களின் உலை கொதிப்பது இன்றைக்கு அதனால்தான்.

ஊதாப் பூவோடு தண்ணீரை மூடிக் கிடப்பது அழகாக இருக்கிறதே, என்ன அது?

ஆற்றுவாழை. அழகுக்கு என்றுதான் 1905இல் இலங்கைக்கு வந்தது. நாலே வருடத்தில், 1909இல், அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. தண்ணீரை மூடிவிட்டால் வெளிச்சம் கீழே போகாது, மீனுக்கு மூச்சு முட்டும், தோணி நகராது. அதோடு சேர்ந்து சல்வீனியா என்ற மிதக்கும் பன்னமும் உண்டு. அது 1939இல் வந்தது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த நீர்ச்செடியைக் குளத்தில் கொட்டுகிறவர்கள் தயவுசெய்து வெயிலில் காயப்போட்டு எரித்துவிடுங்கள்.

நம்முடைய செடிகள் தாமரை, ஆம்பல், கொட்டி, பன். பன்னில் பாய் இழைப்பார்கள். கொட்டிக்கிழங்கை வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர் குடும்பங்கள் பழைய காலத்திலிருந்தே தோண்டி அவித்துச் சாப்பிட்டு வந்தவர்கள்.

மாடும் எருமையும் இத்தனை மேய்கின்றனவே, பாதிப்பு இல்லையா?

இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சட்டத்தை மட்டும் பார்த்தால் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் பட்டி போடக்கூடாது. ஆனால் கோடையில் மாடுகளை வில்லுக்குச் சாய்ப்பது பூங்காவும் சரணாலயமும் வருவதற்கு முந்தைய வழக்கம். பெரும்போக வேளாண்மை தொடங்கினால் மாட்டுக்கு ஊரில் இடமில்லை, காட்டோரம்தான் போக வேண்டும். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ச் சட்டித் தயிரின் பாதி ருசி இந்தப் புல்லில் இருந்து வருகிறது. எருமை புரண்ட பள்ளத்தில் தவளையும் மீன்குஞ்சும் தங்கும், மிதித்த இடத்தில் ஆற்றுவாழை தடித்துப் போகாது. மறுபக்கம், எண்ணிக்கை கூடினால் யானைக்குப் புல் மிஞ்சாது, நோயும் காட்டு விலங்குக்குத் தொற்றும். ஆகவே முழுத்தடை என்பதைவிட, எந்த வில்லில் எந்த மாதம் எத்தனை மாடு என்று பட்டிக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பதுதான் நடக்கக்கூடிய காரியம் என்று இதை எழுதுகிறவருக்குப் படுகிறது.

மகாவலி அணைகளால் இங்கே ஏதும் மாறியதா?

மாறியது. 1976இல் பொல்கொல்லவில் ஆறு திருப்பப்பட்டது. 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எழும்பின. மேலே தண்ணீரைப் பிடித்து வைத்தால் கீழே வழக்கமான சின்ன வெள்ளங்கள் குறையும். வில்லுக்கு வேண்டியது அந்தச் சின்ன வெள்ளம்தான். பெருமழை வந்து அணை நிரம்பிக் கதவு திறந்தால் மட்டும் எல்லாம் ஒரேயடியாக வரும். 2011 தையில் கிழக்கு முழுக்க வெள்ளக்காடானது பலருக்கு நினைவிருக்கும்.

தண்ணீர் அதிகமானாலும் கெடுதல் என்பதற்கு மின்னேரியாவைப் பாருங்கள். மொரகஹகந்தத் திட்டத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு சில வருடங்களில் கோடையிலும் குளம் நிறைந்து கிடந்தது. ஓரப் புல்வெளி வெளிப்படவில்லை, கூட்டமாக வரும் யானைகள் குறைந்தன.

உள்ளே போக டிக்கெட் வேண்டுமா?

சரணாலயத்துக்குள் ஊர், வயல், விகாரை, பொது வீதி எல்லாம் இருக்கின்றன. அந்த வீதியில் போக டிக்கெட் இல்லை. தேசியப் பூங்காவுக்கு அனுமதி வேண்டும், அங்கே அரச நிலம் மட்டும்தான், குடியிருக்க முடியாது. இரண்டுக்கும் அடிப்படை 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சரணாலயம் என்பதால் வேட்டை கொஞ்சம் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். முட்டை எடுப்பது, கூடு கலைப்பது, உடும்பு பிடிப்பது எல்லாம் குற்றம்தான்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறதா?

இல்லை. புந்தல, ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகிய ஆறும்தான் இலங்கையில் உண்டு. இருந்திருக்க வேண்டிய இடம்தான்.

எப்படிப் போவது?

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து சுலபம். முன்பு ஒவ்வொரு ஆற்றிலும் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்து, ஏறி இறங்கித்தான் போக வேண்டும். இப்போது திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மூதூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிச் சேருநுவரவிலோ வெருகலிலோ இறங்கலாம். உள்ளே போக ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், ஊர் ஓட்டுநராக இருந்தால் யானை நிற்கிற இடம் அவருக்குத் தெரியும். ஆவணியில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாக் காலம் என்றால் சனம் நிறைந்திருக்கும். பறவை பார்க்க அது தோதான நேரம் இல்லை.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். குளக்கட்டில் நின்று பார்ப்பதோடு சரி. மூடிய சப்பாத்து, ஏனென்றால் வரப்போரம் புடையன் பாம்பு உண்டு. காலில் புண் இருந்தால் யாரும் சேற்றில் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் வரும். தொலைநோக்கி ஒன்று இருந்தால் பிள்ளைகள் இரண்டு மணிநேரம் அசையாமல் நிற்பார்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கல்லெறியத் தொடங்கிவிடுவார்கள். டிரோன் கொண்டுபோக வேண்டாம். கூட்டில் இருக்கும் நாரை எழும்பினால் காகமும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும்.

அவ்வளவு தூரம் போக முடியாது. டவுணுக்குக் கிட்ட வேறு இடம் உண்டா?

தம்பலகாமக் குடா ஓரம் கண்டலும் சேறும் உண்டு, பஸ் ஜன்னலிலிருந்தே நாரை தெரியும். கந்தளாய்க் குளக்கட்டு இன்னும் சுலபம். அதைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது கோணேசர் மரபு, இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது மகாவம்ச மரபு. 1986 சித்திரையில் உடைத்துக்கொண்டு ஊரை அள்ளிப் போனதும் அதே கட்டுத்தான். வடக்கே போகிறவர்களுக்குப் புல்மோட்டை தாண்டிக் கொக்கிளாய்க் களப்பு, 1951இலிருந்து சரணாலயம். உப்புநீர்க் களப்பு என்பதால் அங்கே கதை வேறு. பூநாரை பார்க்க ஆசை என்றால் வில்லை விட்டுவிட்டு அங்கேதான் முயல வேண்டும்.

காயம்பட்ட விலங்கையோ வலையில் சிக்கிய பறவையையோ கண்டால்?

தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, கிட்ட இருக்கிற ஊர், குளம், பாலம் எது என்று சொல்லுங்கள். நைலோன் வலையில் சிக்கிய சின்னப் பறவை என்றால் மட்டும், துணியால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டு நூலை வெட்டுங்கள். இழுக்க வேண்டாம், சிறகு பிசகிவிடும். வெட்டிய வலைத் துண்டை அங்கேயே போடாமல் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.